புளியங்கொட்டைப் பைக்குத் தடையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுற்றுலா இணைப்பில் நாயக்கர் மகால் படம் ஒன்றை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். எடுத்தவர் மீது எனக்குக் கோபமில்லை. சின்னப் பையனாக இருப்பார். ஆனால் தூண்கள் எல்லாம் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுவதுபோல் உள்பக்கம் சாய்ந்து நின்றன. செல்போனை அண்ணாந்து தூக்கிப் பிடித்தால் அப்படித்தான் வரும். 1636ல் கட்டிய மகால். இத்தனை வருஷமாக நேராக நின்ற தூணை ஒரே அமுக்கில் சாய்த்துவிட்டார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன். "அதுக்கு ஏன் பேப்பரைப் போட்டுக் கசக்குறீங்க?" என்றாள். சரி, கசக்குவதற்குப் பதில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் தெற்குமாசி வீதிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். 1981ல் திறந்தேன், 2019ல் ஷட்டரை இறக்கினேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஓடியது பிழைப்பு. என் ஸ்டூடியோவில் பின்னால் தொங்கிய திரையில் வரைந்திருந்ததும் மகால் வளைவுகள்தான். நிஜ மகால் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, திருப்பரங்குன்றத்துக்கும் மேலூருக்கும் பஸ் ஏறப் போகிறவர்கள் திரையில் இருக்கும் மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே வெயில் இல்லை, புறா எச்சம் இல்லை, நாற்காலியும் உண்டு. நானும் மறுத்ததில்லை.

ஆளில்லாத கட்டடத்தைப் படம் பிடிக்கிற கிறுக்கு எனக்குப் பிடித்தது 1984ல், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில். பந்திக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வளவில் நான் மட்டும். யாஷிகா கேமராவில் ரோல் முடிய இரண்டு பிரேம் மிச்சம். மேலே திறந்த முற்றம் வழியாக வெளிச்சம் இறங்கி, தரையில் விழுந்து, அங்கிருந்து தெறித்து பர்மாத் தேக்குத் தூணின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆத்தங்குடி டைல்ஸைக் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள், அதனால்தான் அதன் முகம் அப்படி வழவழவென்று இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, தரையே ஒரு விளக்குபோல வேலை செய்கிறது என்பது மட்டும்தான். மூன்று கால் ஸ்டாண்டைப் போட்டு, ஷட்டர் ஒரு விநாடி, லென்ஸ் துளை எஃப் பதினொன்று. ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்த பெண்ணின் அம்மா, "ஆளே இல்லாத படத்துக்கு எதுக்குத் தம்பி காசு?" என்று கேட்டு அதை மட்டும் கழித்துக்கொண்டார். நாற்பது வருஷம் கழித்து என் பேரனும் அதையேதான் கேட்கிறான்: "தாத்தா, இதுல ஒருத்தருமே இல்லையே, இதை யார் பாக்குறது?"

அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன். கொஞ்சம் தொழில் விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெயில் இருக்கிறது, தள்ளி நிற்க இடம் இருக்கிறது. உட்பக்கம் அப்படியில்லை. பின்னால் போனால் சுவர் முட்டும். முற்றத்து வெளிச்சத்துக்கும் மண்டபத்து உள்மூலை வெளிச்சத்துக்கும் பழைய மீட்டரில் ஆறு, ஏழு ஸ்டாப் வித்தியாசம் காட்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முற்றத்தைப் பார்த்து எடுத்தால் மண்டபம் கரி. மண்டபத்தைப் பார்த்து எடுத்தால் முற்றம் சுண்ணாம்பு. இன்றைய செல்போன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நாலைந்து படத்தைத் தானே எடுத்து ஒன்றாக்கி, எல்லா மூலைக்கும் ஒரே வெளிச்சத்தைப் பூசிவிடும். பார்த்தால் கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருக்கட்டும். வெயிலில் நடந்து வந்து தூண் நிழலில் கால் வைத்ததும் உள்ளங்காலில் சில்லென்று ஏறுமே, அது படத்தில் வர வேண்டாமா?

மகாலுக்குக் காலையில் திறந்தவுடன் போய்ப் பாருங்கள். கூட்டம் வராத முதல் அரைமணி நேரம். வளைவுகளின் மேல்பகுதி, அந்தச் சுதை வேலை எல்லாம், நேர் வெயிலில் ஒருநாளும் தெரியாது. முற்றத்துத் தரையில் வெயில் ஏற ஏற, அதிலிருந்து எழும் வெளிச்சம் கீழிருந்து மேலாகப் போய் யாளியின் தாடையை, கொடியின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். அந்த நேரத்தில் கேமராவை மட்டமாக, இடுப்பு உயரத்தில் வைத்தால் தூண் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். அண்ணாந்து பிடிக்கவே கூடாது. மேல்பகுதி வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். போக இடமில்லை என்றால் அந்தப் படம் நமக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டும். நாலு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் நடக்கிற ஆள் புகையாகிவிடுவார்; தூணில் உட்கார்ந்த புறா அப்படியே இருக்கும், பறந்த புறா ஒரு கோடாகும்.

ஆனால் நாலு விநாடி கையில் பிடிக்க முடியுமா? எனக்கு 68 வயது. காபி டம்ளரே ஆடுகிறது. அதற்குத்தான் ஸ்டாண்டு வேண்டும். என் கடிதமே அந்த ஸ்டாண்டைப் பற்றியதுதான், சுற்றி வளைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு நானும் மனைவியும் தென்மாவட்டம் ஒன்றில் ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கிற தம்பி மீது தப்பில்லை. டிக்கெட் வாங்கினேன், கேமராவுக்குத் தனியாகக் கட்டினேன். உள்ளே ஸ்டாண்டின் ஒரு காலை விரித்தேன், விசில் சத்தம்.

"ஐயா, ஸ்டாண்டு போடக்கூடாது."

"எங்கேப்பா எழுதியிருக்கு?"

"எழுதலைங்க. ஆனா கூடாது. லெட்டர் வாங்கிட்டு வரணும்."

"எங்கே வாங்கணும்?"

"மெட்ராஸ்ல."

அதே நேரத்தில் அடுத்த கூடத்தில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர், இரண்டு குடை லைட், மாப்பிள்ளை ஷூ காலைத் தூணில் மடக்கி ஊன்றி நிற்கிறார். அவர்களிடம் லெட்டர் இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா. அறுபது பிள்ளைகள், எல்லா ஆசிரியர் கையிலும் போன், பிளாஷ் மின்னிக்கொண்டே இருந்தது. கிழவனின் மூன்று கால் மட்டும்தான் அந்தக் கட்டடத்துக்கு ஆபத்து என்று முடிவாகியிருந்தது. காலுக்கு ரப்பர் குப்பி போட்டிருக்கிறேன் என்று காட்டினேன். அந்தத் தம்பி பாவம், தலையைச் சொறிந்தார்.

ஸ்டாண்டைக் கட்டி வைத்துவிட்டுப் பையிலிருந்து இன்னொரு பையை எடுத்தேன். பேரனின் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி மனைவி தைத்துத் தந்தது. உள்ளே ஒரு கிலோ புளியங்கொட்டை. படிக்கட்டு, சன்னல் விளிம்பு, தூண் பீடம், எதன் மேல் வைத்தாலும் கேமரா அதில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். மணல் போட்டால் கசியும், அரிசி போட்டால் வண்டு வைக்கும். புளியங்கொட்டைக்கு இரண்டும் கிடையாது. தம்பி மறுபடி வந்தார்.

"இது என்னங்கய்யா?"

"புளியங்கொட்டை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு ரூல் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து நாலு படம் எடுத்தேன். எழுந்திருக்க மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று வந்தது. எனக்கு முழுச் சம்மதம். "இப்பத்தான் எல்லாரும் சாமியைப் பாக்குறாங்க" என்பாள் என் மனைவி. சித்தன்னவாசலில் ஓவியத்தின் முன்னால் பிளாஷ் அடிக்காதே என்றால் அதுவும் நியாயம். (அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்தவர் நம்மூர் ஆசிரியன், இளங்கௌதமன் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. போகிற மதுரைக்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று படிக்கலாம்.) மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம் தவிர மற்ற இடங்களில் படம் எடுக்கலாம் என்று 2018 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் போன், கேமரா, ஸ்டாண்டு, பிளாஷ், எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, யாரிடம் கேட்பது என்று டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் தமிழில் நாலு வரி எழுதிய ஊர்கள் எத்தனை? போய் இறங்கி, காசு கட்டி, உள்ளே போய் விசில் கேட்ட பிறகுதான் தெரிய வேண்டுமா?

ஸ்டாண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். 1858 ஜனவரி, பிப்ரவரியில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரைக்கு வந்தார். பேரிலேயே முக்கால் டிரைபாட் (ஸ்டாண்டுக்கு இங்கிலீஷ் பேர்). பெரிய கேமரா, மெழுகுத்தாள் நெகடிவ், மாட்டு வண்டியில் சாமான். வெறும் வானமாக வந்த இடங்களில் நெகடிவ் மேலேயே மேகம் தீட்டிச் சேர்த்திருக்கிறார். நாங்கள் செய்த டச்சப்புக்கு அவர் தாத்தா. நாயக்கர் மகாலையும் கோயிலையும் புதுமண்டபத்தையும் எடுத்தார். சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் பிரபு மகாலைப் பழுது பார்த்தது 1866க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அது எந்தக் கோலத்தில் இருந்தது என்பதை நாம் இன்றைக்குக் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், அந்த மனிதர் ஸ்டாண்டை ஊன்றி நின்றதால்தான். விசில் ஊத ஆள் இல்லை.

புதுமண்டபத்தை என் வாழ்நாள் பூராவும் தையல் மிஷின் சத்தத்தோடுதான் பார்த்திருக்கிறேன். 124 தூண், பாதிச் சிற்பம் தொங்கவிட்ட துணிக்குப் பின்னால். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கருப்பசாமி வேஷத்துக்குச் சல்லடமும் குல்லாவும் தைத்துக் குவித்திருப்பார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் மூச்சு விட்டது, நல்லதுதான். ஆனால் அந்தக் கடைகள் உள்ளே இருந்த கோலத்தை யாராவது ஒழுங்காக, தூண் தூணாக எடுத்து வைத்தோமா? என்னிடம் இருப்பது 1987ல் எடுத்த ஒரே ஒரு நெகடிவ். யாளியின் காலடியில் மிஷின், மிஷின் மேல் கத்தரிக்கோல், டெய்லர் சாப்பிடப் போயிருக்கிறார். ஆளில்லாத படம்தான். இப்போது பேரன் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். "தாத்தா, இங்கே நிஜமாவே கடை இருந்துச்சா?"

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. கூட்டம் வருவதற்கு முன்னால், வாரத்தில் ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம், கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு அனுமதி கொடுங்கள். மகாலில் ஆரம்பிக்கலாம். வருகிறவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: எடுத்ததில் நல்லதாக ஒரு படம் தொல்லியல் துறைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பத்து வருஷத்தில் ஒரு சுதைப்பூ உதிர்ந்தால், அது எப்படி இருந்தது என்று கொத்தனாருக்குக் காட்டப் படம் இருக்கும். கட்டணம் எவ்வளவு என்பதைத் துறை முடிவு செய்யட்டும். என் பென்ஷனே இல்லாத நிலைமையைக் கொஞ்சம் மனதில் வைத்தால் சரி.

கடைசியாக ஒன்று. என் வீட்டில் பிஸ்கட் டப்பா ஒன்றில் மகாலின் உட்பக்க நெகடிவ்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் எண்பதுகளில் எடுத்தவை, ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்டு பிலிமில். போன மழைக்கு நாலைந்தில் பூஞ்சை விழுந்துவிட்டது. ஏதாவது கல்லூரியோ துறையோ ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதாக இருந்தால் உங்கள் அலுவலகம் மூலம் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம். வேலை முடிந்ததும் நெகடிவையும் டப்பாவையும் திருப்பித் தந்துவிட வேண்டும், டப்பா மனைவியுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
தெற்குமாசி வீதி, மதுரை.