ரயில் பயணிகள் சங்கங்களை ஒன்றாக அழைத்துப் பேசக் கோரும் மனு

அனுப்புநர்
விருத்தாசலம், கரூர், ஓமலூர் பாதைகளின் ரயில் பயணிகள் சங்கங்கள் (கூட்டாக),
சேலம்.

பெறுநர்
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சேலம் கோட்டம்,
சேலம்.

பொருள்: கால அட்டவணை முடிவாவதற்கு முன் எல்லாச் சங்கங்களையும் சேர்த்துக் கூட்டம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று சங்கங்களின் கையெழுத்து ஒரே மனுவில் இருப்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்கே வியப்புதான். போன ஆண்டு ஒரே நாளில், ஒரே வராந்தாவில் எங்களில் இரண்டு சங்கத்தார் மனுவோடு காத்திருந்தோம். இரண்டும் ஒரே காலை வண்டியைப் பற்றியவை. கல்லூரிப் பிள்ளைகளுக்காக அரை மணி முன்னால் எடுங்கள் என்றது ஒன்று. இணைப்பு வண்டியில் வருகிறவர்களுக்காக அரை மணி பின்னால் எடுங்கள் என்றது மற்றொன்று. கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஒரே டீக்கடையில் முகம் பார்க்காமல் நின்றோம். வண்டி பழைய நேரத்திலேயே ஓடுகிறது. அதற்காக அதிகாரிகளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

சேலத்துக்குத் தனிக் கோட்டம் கேட்ட காலத்தில் எல்லோருக்கும் ஒரே குரல் இருந்தது. 2007 நவம்பர் 1 அன்று கோட்டம் வந்தது. அப்புறம் அவரவர் பாதை, அவரவர் ஊர். நிறுத்த விஷயம் இன்னும் மோசம். ஓர் ஊர் நிறுத்தம் கேட்டால், "எக்ஸ்பிரஸைப் பாசஞ்சராக்காதீர்கள்" என்று அடுத்த ஊர் கடிதம் போடும். நிறுத்தம் கிடைத்துவிட்டால், வாங்கித் தந்தது நாங்கள்தான் என்று இருவரும் பேனர் கட்டுவோம்.

தனித்தனியாகக் கேட்டு ஆகாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆத்தூர் வழியாகப் போகும் வண்டி விருத்தாசலம் சேரும்போது அது திருச்சி கோட்டம். ஓமலூர் தாண்டித் தருமபுரி போனால் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். அந்த மண்டலத்தின் தலைமையகமோ ஹூப்ளியில். ஒரே வண்டிக்கு மூன்று ஊரில் மனுக் கொடுத்து அலைந்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

எனவே, அடுத்த கால அட்டவணை முடிவாகும் முன், எல்லாச் சங்கங்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒருநாள் கூட்டம் நடத்தித் தர வேண்டுகிறோம். கோட்டத்தின் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் எல்லாச் சங்கத்துக்கும் இடமில்லை. அதனால்தான் தனியாகக் கேட்கிறோம். திருச்சி, பெங்களூரு கோட்டங்களிலிருந்தும் ஆளுக்கொரு அதிகாரி வந்தால் நல்லது. எங்கள் பங்குக்கு, எது முதலில் எது அடுத்து என்று வரிசைப்படுத்தி ஒரே பட்டியலாகக் கொண்டுவருவோம். சேலம் ஜங்ஷனில் இணைப்பு வண்டி தவறாமல் இருப்பதே அதில் முதல் கோரிக்கை. அதுவரை ஒப்புக்கொண்டாயிற்று; இரண்டாவது எது என்பதில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

கூட்டத் தேதியைப் பத்து நாள் முன்னதாகத் தெரிவித்தால் மோகனூர், சின்னசேலம் பக்கத்து ஆட்களும் வந்துவிடுவார்கள். நேரத்தை மட்டும் எங்களைக் கேட்காமல் தாங்களே குறித்துவிடுங்கள். கேட்டால், எந்த வண்டிக்கு ஏற்ற நேரம் என்று மறுபடி சண்டை வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று பாதைப் பயணிகள் சங்கங்களின் பொறுப்பாளர்கள்