பழைய கைப்பேசி வலைப்பின்னல் நிறுத்தப்படும் முன் ஊர்தோறும் கைப்பேசிப் பரிசோதனை முகாம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கைப்பேசி பழுதுநீக்கும் கடை நடத்துபவர்,
ஆண்டிப்பட்டி, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு. மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: 3ஜி சேவை படிப்படியாக நிறுத்தப்பட்டு வருவதாலும், 2ஜி சேவையும் ஒருநாள் நிறுத்தப்படக் கூடும் என்பதாலும், மக்கள் கையிலுள்ள கைப்பேசிகள் 4ஜி வழியாகப் பேச உதவுமா என்று முன்கூட்டியே பரிசோதிக்க முகாம் நடத்துமாறும், தொலைத்தொடர்புத் துறைக்குப் பரிந்துரை அனுப்புமாறும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு அருகில் பதினாறு ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுநீக்கும் கடை நடத்தி வருகிறேன். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் தங்கள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கப் போய், திரும்பும்போது வாங்கிச் செல்வது வழக்கம். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னமும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் போன்களைத் தினமும் பிரித்துப் பார்க்கிறவன் என்ற முறையில், வரப்போகும் ஒரு சிரமத்தை முன்கூட்டியே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை என்று கருதி இம்மனுவை அளிக்கிறேன்.

நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து புது தில்லிக்குப் போனது. அன்று தொடங்கிய 2ஜி முறை முப்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த 3ஜி அதற்கு முன்பே விடைபெற்று வருகிறது. ஏர்டெல் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே தன் 3ஜி சேவையை முடித்துக்கொண்டது. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று சுமார் 97,500 கோபுரங்களுடன் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 4ஜி வந்து நிலைத்த இடங்களில் அந்நிறுவனமும் 3ஜியைப் படிப்படியாக விட்டுவருகிறது. 2ஜியை நிறுத்தும் தேதி எதையும் அரசு அறிவிக்கவில்லை என்பதை நான் அறிவேன். தேதி அறிவித்த பிறகு அலைவதைவிட, அறிவிக்கப்படாத இந்தக் காலத்திலேயே நிதானமாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்பதே என் எண்ணம்.

2ஜி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தெருவில் முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு அம்மாவின் வீட்டில் நான் நேரில் பார்த்துவிட்டேன். கணவரை இழந்தவர், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பேருந்து நிலையத்தில் குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், அதே எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் ரீசார்ஜ் குறையும் என்று சொல்லி, அவருடைய எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார். புதிய சிம்முக்கு 4ஜி வழியாக மட்டுமே அழைப்பு வரும். அந்த அம்மா வைத்திருந்ததோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய 2ஜி போன். விற்றவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சிம் அடங்கிய நாள் முதல் திரையில் ‘சேவை இல்லை’ என்ற எழுத்து மட்டுமே நின்றது. போனில் கோளாறு என்று நினைத்து நான்கு நாள் கழித்துத்தான் என்னிடம் கொண்டுவந்தார். அந்த நான்கு நாளில் சிலிண்டர் வந்து, ஓடிபி சொல்ல முடியாததால் திரும்பிப் போயிருக்கிறது. அம்மா போனை எடுக்கவில்லை என்று மகன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஒருமுறை நிறுவனம் மாறிய எண்ணை 90 நாள் முடியும் வரை மீண்டும் மாற்ற முடியாது என்பது விதி. பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டு ஒரு பழைய டச் போனைக் கொடுத்தார்கள். அது 4ஜி போன்தான். அதில் இன்டர்நெட் ஓடியது, வாட்ஸ்அப் வந்தது, ஆனால் சாதாரண அழைப்பு மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

தாங்கள் கவனிக்குமாறு நான் வேண்டுவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். ‘4ஜி போன் வாங்கிவிட்டால் போதும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அது முழு உண்மையன்று. 4ஜி என்பது அடிப்படையில் இணையத் தரவுக்காக அமைந்த வலைப்பின்னல். அதன் வழியாகவே குரலையும் கொண்டுசெல்ல ‘வோல்ட்டி’ என்று நாங்கள் சொல்லும் தனி வசதி போனில் இருக்க வேண்டும். அது இல்லாத 4ஜி போன், அழைப்பு வந்தவுடன் சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி அங்கே பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் மறுபடி 4ஜிக்கு ஏறிக்கொள்ளும். வைத்திருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. கடையில் நான் இதை ஒரே நிமிடத்தில் காட்டுவேன்: திரையின் மேல் ஓரத்தில் ‘4ஜி’ என்றிருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு எண்ணுக்கு அழைக்கச் சொல்வேன்; மணி அடிக்கத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்து ‘ஈ’ அல்லது ‘எச்’ என்று மாறினால், அந்தப் போன் பழைய வலைப்பின்னலின் தோளில் ஏறித்தான் பேசுகிறது என்று பொருள். இறங்கிப் போக இடம் இல்லாத நாளில் அந்தப் போன் ஊமையாகிவிடும். சில போன்களில் வசதி இருந்தும் அமைப்பில் அணைந்து கிடக்கும். அதை இயக்கிவிட்டால் காசில்லாமல் காரியம் முடிந்துவிடும். பரிசோதனை செய்யாமல் புதுப்போன் வாங்கச் சொல்வது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மலையடிவாரத்து ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிஎஸ்என்எல் 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். வருசநாட்டுக்கு மேலேயும் மேகமலைப் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு அதுதான் உதவும். ஆனால் பழைய 4ஜி போன்கள் பலவற்றுக்கு அந்த அலையை வாங்கும் திறன் இல்லை. பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருக்கும். மலையில் போய் நின்றால் சிக்னல் கட்டை ஒன்றுகூட நிற்காது. சிம் பழைய 3ஜி காலத்துச் சிம்மாக இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். ஆகவே போன், சிம், அமைப்பு, அலைவரிசை என நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு போன் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு முதியவர் இதைத் தானாகச் செய்துகொள்வார் என்று எதிர்பார்க்க இயலாது.

அவசர அழைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இரு பெரிய நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 முதல் தங்கள் 3ஜி சேவையை நிறுத்தின. அதில் ஒரு நிறுவனம் முதலில் ஜூன் 30 என்றும், பிறகு ஆகஸ்ட் 31 என்றும் குறித்த தேதியைத் தள்ளிவைக்க நேர்ந்தது. வழக்கமான அழைப்புகளை 4ஜியில் சரியாகப் பேசும் போன்களிலும் சில, அந்த நாட்டின் அவசர எண்ணான 000-ஐ அழைக்கும்போது மட்டும் 3ஜியைத் தேடிப் போகும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டதே காரணங்களில் முக்கியமானது. அவசர அழைப்பை 4ஜியில் செய்ய இயலாத போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று அந்நாட்டு அரசு விதி செய்தது. 3498 என்ற எண்ணுக்கு ‘3’ என்று மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால், உங்கள் போன் தேறுமா என்று பதில் வரும்படி ஏற்பாடும் நடந்தது. இத்தனைக்கும் பிறகு, ஓராண்டு கழித்து 2025இல், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கோபுரம் மட்டுமே எட்டும் இடத்தில் 000-ஐ அழைக்க முடியாத பழைய மாடல்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு ஏற்பாடு செய்த நாட்டிலேயே இப்படி என்றால், இரவில் பாம்பு கடித்து 108-ஐ அழைக்கும் நம் தோட்டத்துக் குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கைப்பேசி மட்டுமே பழைய வலைப்பின்னலை நம்பியிருக்கவில்லை. கிணற்று மோட்டார்களில் மாட்டியிருக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது; நான் பழுது பார்த்தவற்றில் பெரும்பாலானவை 2ஜி மட்டுமே அறிந்தவை. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் விவசாயி வீட்டில் படுத்தபடியே அந்த எண்ணுக்கு அழைத்து, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டு, ஓட்டவோ நிறுத்தவோ செய்கிறார். அந்தப் பெட்டி வருவதற்கு முன் டார்ச் லைட்டும் கம்பும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தவர்கள் அவர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்திலும் இத்தகைய கருவிகள் வழங்கப்பட்டுள்ளன. இனி மானியத்தில் தரும் கருவி ஒவ்வொன்றும் 4ஜியில் இயங்குவதாக இருக்க வேண்டும் என்று அத்துறைக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். ஏற்கெனவே மாட்டியவற்றின் கணக்கையும் எடுக்கச் செய்ய வேண்டும். சிம் வைத்து இயங்கும் மற்ற அரசுக் கருவிகளையும் அந்தந்தத் துறைகள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

தங்களிடம் நான் முதன்மையாக வேண்டுவது முகாம். நியாயவிலைக் கடையில் பொருள் வழங்கும் நாளில் ஊரே அங்கு கூடுகிறது. அந்த இடத்தில் ஒரு மேசை போட்டால் போதும். போனை 4ஜியில் மட்டும் நிற்கும்படி அமைத்து, ஒரு அழைப்பு வெளியே போகிறதா, ஒரு அழைப்பு உள்ளே வருகிறதா, ஒரு குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதிப் போனின் உறைக்குள் வைத்துவிடலாம். ஒரு போனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். சோதனைக்காக 112-க்கோ 108-க்கோ யாரும் அழைத்துவிடக் கூடாது என்பதை முகாமில் இருப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் விற்பனையாளரையும் அந்த மேசையில் உட்கார அனுமதிக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட, ஆனால் அழுத்தமான வேண்டுகோள். பரிசோதனைக்கு வந்தவர்களிடம் அங்கேயே புதுப்போன் விற்கத் தொடங்கினால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள். ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் பழுதுநீக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் ஊதியம் இன்றி வந்து உதவத் தயாராக இருக்கிறோம்.

அடுத்து, தொலைத்தொடர்புத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தெரியும். அந்த எண்ணை ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போனின் நிறுவனம், மாடல் முதலிய விவரங்கள் பதிலாக வருகின்றன. திருட்டுப் போன், போலிப் போன் வாங்கி ஏமாறாமல் இருக்கத் துறை செய்துள்ள நல்ல ஏற்பாடு இது. என் கடைக்கு வரும் பழைய போன்களை நானும் இப்படித்தான் சரிபார்க்கிறேன். மாடல் தெரிந்த பிறகு, அது 4ஜியில் பேசுமா என்பதையும் அதே பதிலில் ஒரு வரியாக, தமிழில் சேர்த்து அனுப்புவது துறைக்குக் கடினமான வேலையாக இராது. பட்டன் போன் வைத்திருப்பவர் இணையதளத்துக்குப் போக மாட்டார். குறுஞ்செய்திதான் அவருக்கு எட்டும். சிம் விற்பவரும் எண்ணை மாற்றிக் கொடுப்பவரும் இந்தச் சோதனையைச் செய்து, முடிவை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று விதி வந்தால், முறுக்கு விற்கும் அந்த அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. எந்தச் சேவையை நிறுத்துவதானாலும் ஆறு மாதம் முன்பே, அந்தச் சேவையில் இருக்கும் எண்ணிலிருந்து அழைக்கும்போதெல்லாம் தமிழில் ஒரு குரல் அறிவிப்பு ஒலிக்கச் செய்யவும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

சோதனையில் தேறாத போன் வைத்திருப்பவர்களில் முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுவோரின் பெயர்களைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தனியே எழுதிவைத்தால், நிறுத்தம் வரும்போது யாருக்கு உதவி தேவை என்பது கையில் இருக்கும். அவர்களுக்கு 4ஜி பட்டன் போன் வழங்க வழி உண்டா என்பதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும். டச் போன் வேண்டாம். எழுத்துப் பெரிதாக, பட்டன் அழுத்தமாக இருக்கும் போனைத்தான் அவர்கள் கை அறியும்.

என் கடைக்கு வந்து, 4ஜி என்று சொல்லி விற்கப்பட்டும் 4ஜியில் பேச முடியாமல் போன மாடல்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். அதன் நகலை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். முதல் முகாமை மயிலாடும்பாறையில் நடத்தத் தாங்கள் ஆணையிட்டால், நாளையும் இடத்தையும் தெரிவித்தவுடன் கருவிகளுடன் வந்து சேர்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: ஆண்டிப்பட்டி
இணைப்பு: கடை நோட்டின் நகல்