கடைசித் தடுப்பின் மீது மட்டும் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோல் விழுந்தால் கோல்கீப்பர் படம், கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தால் கடலடிக் கருவியின் படம். பத்திரிகைகளில் இது வழக்கமாகிவிட்டது. 2010 ஏப்ரலில் இரண்டே நாள் இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்து, இந்த வழக்கம் எதை மறைக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்தின் விகனில் 2-0 என்று முன்னிலையில் இருந்த ஆர்சனல் கால்பந்து அணி, கடைசிப் பத்து நிமிடங்களில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. இரண்டாவது கோல், கார்னரில் வந்த பந்தை கோல்கீப்பர் லூகாஸ் ஃபேபியான்ஸ்கி கைநழுவ விட்டதால் விழுந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஐரோப்பிய அணிகளின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் போர்ச்சுகலின் போர்ட்டோ அணிக்கு எதிராகவும் அவர் சறுக்கினார். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார். பிறகு சக தடுப்பாட்டக்காரர் சால் கேம்ப்பெல் காலால் பின்னுக்குத் தந்த பந்தைக் கையில் எடுத்தார். 1992 முதல் அது தவறு. நடுவர் ஃப்ரீகிக் கொடுத்தார். தடுப்பாட்டக்காரர்கள் சுதாரித்து நிற்பதற்குள் போர்ட்டோ அதை எடுக்க, ஃபால்காவோ கோல் அடித்துவிட்டார்.

தவறு கோல்கீப்பருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் உயரப் பந்தைப் பிடிப்பது தனி ஆள் வேலை அல்ல. கோல்கீப்பர் குரல் கொடுத்த உடனே தடுப்பாட்டக்காரர்கள் எதிரணியை மறித்து அவருக்கு வழி விடவேண்டும். அவர் ஒரு முழங்காலை உயர்த்தி எழும்பி, பந்து உச்சத்தில் இருக்கும்போதே பிடிக்கவேண்டும். முதல் அடி எடுத்து வைக்க அரை நொடி தயங்கினால், பந்து தலைகளுக்கு நடுவே இறங்கிவிடும். அந்தத் தயக்கம் போக, ஒரே கோல்கீப்பரும் ஒரே நடுத்தடுப்பு ஜோடியும் தொடர்ந்து சேர்ந்து ஆடவேண்டும். 2008இல் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் விலகிய பிறகு அவருக்கு ஈடான அனுபவசாலி ஒருவரை ஆர்சனல் வாங்கவில்லை. அல்முனியாவும் ஃபேபியான்ஸ்கியும் மாறி மாறி நின்றார்கள். 2010 செப்டம்பரில் வெஸ்ட் பிரோம்விச்சிடம் சொந்த மைதானத்தில் 2-3 என்று தோற்றபோது, முதல் பாதியில் பெனால்டியைத் தடுத்த அதே அல்முனியாதான் இரண்டாம் பாதியில் தடுமாறினார். கடைசியில் 2011இல் 41 வயது லேமனையே திரும்ப அழைத்து, பிளாக்பூலுக்கு எதிராக இறக்க நேர்ந்தது. ஃபேபியான்ஸ்கியோ பின்னாளில் வெஸ்ட் ஹாம் அணியில் 2018-19 பருவத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார். திறமை இல்லாதவராக இருந்தால் அது நடந்திருக்குமா?

ஏப்ரல் 20 இரவு 9.49க்கு மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதவை மேடையான டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அமெரிக்க செனட் விசாரணையில் கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனம், ரிக்கின் சொந்தக்காரரான டிரான்ஸ்ஓஷனின் பி.ஓ.பி.யைக் கை காட்டியது. கிணறு பீறிட்டால் குழாயை வெட்டி மூடவேண்டிய, கடலடியில் கிணற்றுவாய் மேல் நிற்கும் வால்வு அடுக்குதான் பி.ஓ.பி. கிணற்றுக்கு அதுவே கோல்கீப்பர். டிரான்ஸ்ஓஷன், எண்ணெயும் வாயுவும் மேலே வராமல் கிணற்றின் அடியை அடைக்கும் சிமென்ட்டைக் கை காட்டியது. சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டனோ, பி.பி. சொன்னபடியே செய்தோம் என்றது.

பி.ஓ.பி. தவறியது உண்மை. அதன் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் பேட்டரி வலுவிழந்திருந்தது, மற்றதில் வால்வை மின்சாரத்தால் இயக்கும் சோலனாய்டின் வயரிங் மாறியிருந்தது. குழாய் உள்ளே வளைந்து ஓரமாகிவிட்டதால் வெட்டும் கத்திகள் அதை முழுதாக வெட்டவில்லை. ஆனால் பந்து அதுவரை வந்தது எப்படி? கிணற்றில் இறக்கும் கேசிங் குழாய் நடுவில் நிற்க சென்ட்ரலைசர் வளையங்கள் மாட்டுவார்கள். குழாய் ஓரமாகச் சாய்ந்தால் குறுகலான பக்கம், தோண்டும்போது கிணற்றில் நிரப்பிய சேறு அப்படியே தங்கி, சிமென்ட் சரியாகச் சுற்றி வராது. ஹாலிபர்ட்டன் 21 போடச் சொன்னது, போட்டது 6. சிமென்ட்டின் பிடிப்பைச் சோதிக்க வந்திருந்த குழுவை அன்று காலையே சோதிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அழுத்தச் சோதனை. ஒரே கிணற்றோடு இணைந்த இரண்டு குழாய்களில் ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று 1,400 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு), மற்றது பூஜ்யம். ஏதோ ஒரு காரணம் சொல்லி அதைத் தேறியதாக எடுத்துக்கொண்டு, எண்ணெயையும் வாயுவையும் தன் எடையால் அடக்கி வைத்திருந்த கனமான சேற்றை எடுத்துவிட்டு லேசான கடல்நீரை ஏற்றினார்கள். அதன் பின் அழுத்தம் ஏறியது திரையில் தெரிந்தும், கிணறு பீறிடப் போகிறது என்று உரிய நேரத்தில் யாரும் உணரவில்லை.

கசிவு நிற்க 87 நாள் ஆனது. நாளுக்கு 1,000 பீப்பாய் என்று முதலில் சொல்லப்பட்டது, சில நாளில் அது 5,000 ஆனது. பிற்பாடு அரசு மதிப்பீடு 50,000ஐத் தாண்டியது. இதற்கு நடுவில் பி.பி.யின் அன்றைய தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட், தன் பழைய வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று கேமரா முன் சொன்னார். பதினொரு குடும்பங்கள் துக்கத்தில் இருந்த நேரம் அது. 2014இல் நீதிமன்றம் பழியைப் பங்கிட்டது: பி.பி.க்கு 67 விழுக்காடு, டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3.

இனி இப்படிச் செய்தி வரும்போது, கடைசிச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, அதன் அளவு என்ன, தேறியது என்று கையெழுத்திட்டவர் எந்தப் பதவியில் இருப்பவர் என்பதையும் கேட்டு அச்சிடுங்கள். விளையாட்டுப் பக்கத்தில், தோல்வி அடைந்த கோல்கீப்பரும் அவருக்கு முன் நின்ற தடுப்பாட்டக்காரர்களும் அதற்கு முன் எத்தனை ஆட்டம் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள் என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்கால்.