மிஸ்டரி ஷாப்பர் வேலை: அறிக்கைக்குத்தான் காசு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகுதிநேர வருமானம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, சாதாரண வாடிக்கையாளர்போல் கடைக்குப் போய், ஊழியர்கள் எப்படிக் கவனித்தார்கள் என்று அறிக்கை எழுதித் தரும் மிஸ்டரி ஷாப்பர் வேலையை இரண்டே வரியில் முடித்துவிட்டது. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கினால் பணம் தருவார்கள் என்று மட்டும் படித்துவிட்டு இறங்குபவர்களில் சிலர் நிஜமான ஏஜென்சியில் சேர்ந்து, முதல் அறிக்கையே நிராகரிக்கப்பட்டு, கைக்காசையும் விட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் டெலிகிராம் மோசடிக் கும்பலிடம் போய் மாட்டுகிறார்கள். ஷாப்பர்கள் அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம். வெளியிட வேண்டுகிறோம்.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் துணிக்கடை, செல்போன் ஷோரூம், பெட்ரோல் நிறுவனம், வங்கி போன்றவை, தங்கள் கிளைக்கு வருபவர்களை ஊழியர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஏஜென்சியை அமர்த்துகின்றன. ஏஜென்சி உங்களைச் சாதாரண வாடிக்கையாளராக அனுப்பும். போய்ப் பார்த்ததைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் கேள்வித்தாளில் நிரப்பி, பில்லையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வித்தாளுக்குத்தான் ஊதியம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் தனியாகத் திரும்ப வரும், அதுவும் முன்கூட்டியே சொன்ன உச்சவரம்பு வரைக்கும்தான். 200 ரூபாய் வரம்பு என்றால் 350 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு முழுத்தொகையைக் கேட்க முடியாது.

சேருவதற்கு ஏஜென்சியின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஊர், வயது, தெரிந்த மொழிகள், என்ன வண்டி, என்ன போன், கண்ணாடி போடுபவரா என்றெல்லாம் கேட்பார்கள். இதை ஏனோதானோவென்று நிரப்பக் கூடாது, ஏனென்றால் வேலை ஒதுக்குவதே இதை வைத்துத்தான். கண்ணாடிக் கடைக்குப் பவர் உள்ளவரை அனுப்புவார்கள். கார் ஷோரூமுக்கு, பழைய காரை மாற்ற நினைப்பவராக இயல்பாகப் பேசக்கூடியவர் வேண்டும். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் தேவை. வரிப்பிடித்தம் செய்ய வேண்டிய தொகையாக இருந்து, பான் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் எதுவும் கிடையாது.

வேலை ஒதுக்கியதும் விதிமுறைக் குறிப்பு ஒன்று வரும். சில நேரம் பத்துப் பக்கம்கூட இருக்கும். கடைக்குப் போகுமுன் இதை இரண்டு முறை படிக்காதவர்களின் அறிக்கைதான் அதிகமாகத் திரும்பிப் போகிறது. எந்தத் தேதிகளுக்குள், எந்த நேரத்தில் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதை ஊழியரே சொல்லும்வரை நீங்கள் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு என்பதை விற்பனையாளர் தானாகச் சொல்கிறாரா என்று பார்க்க அனுப்பியிருப்பார்கள். ஷாப்பர் முந்திக்கொண்டு “எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தருவீங்க?” என்று கேட்டுவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாமல் போய்விடும்.

பெட்ரோல் பங்க் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று புதியவர்கள் விரும்பி எடுப்பார்கள். ஊழியர் “சீரோ பார்த்துக்குங்க” என்று சொன்னாரா, அல்லது நீங்களாகவே மீட்டரைப் பார்த்தீர்களா? இரண்டும் வேறு வேறு பதில். பில்லைக் கேட்காமலே கொடுத்தாரா, கேட்டபின் கொடுத்தாரா? காற்று பிடிக்கும் இடத்தில் ஆள் இருந்தாரா? எத்தனை பம்ப் ஓடியது, எத்தனை பம்ப் ‘வேலை செய்யவில்லை’ என்ற அட்டையோடு நின்றது? இத்தனையும் வண்டியை விட்டு இறங்கி மூடியைத் திறந்து மூடுவதற்குள் கவனித்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தால் பாதி நினைவில் இருக்காது.

கடைக்குள் நோட்டும் பேனாவுமாக நிற்கவும் முடியாது. நுழையும்போது வீட்டு எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால், ஆர்டர் கொடுத்து முடித்ததும் ஒன்று, கையில் பொருள் வந்ததும் ஒன்று கொடுத்துவிடுங்கள். போனின் அழைப்புப் பட்டியலில் மூன்று நேரமும் நிமிடக் கணக்கில் பதிந்திருக்கும். ஊழியரின் பெயரை அவர் சட்டையில் உள்ள பேட்ஜைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் யாருக்கோ பதில் எழுதுவதுபோல் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். பேட்ஜ் இல்லையென்றால் உயரம், தோராய வயது, கண்ணாடி, தாடி, சீருடையின் நிறம் என்று எழுதினால் போதும். தோலின் நிறத்தை வைத்தோ உடல்வாகைக் கேலியாகவோ எழுதிய வரிகளை நாங்கள் அப்படியே நீக்கிவிடுவோம்.

பில்லில்தான் பெரும்பாலான தகராறு வருகிறது. யுபிஐ ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. அதில் என்ன பொருள் வாங்கினீர்கள் என்பது இருக்காது. வெப்பத்தாளில் அச்சடித்த பில் வெயிலில், வண்டி டேங்க் கவரில் கிடந்தால் மங்கிவிடும். அதனால் வெளியே வந்த கையோடு, நான்கு மூலையும் தெரிய, பில் எண், தேதி, நேரம், ஜிஎஸ்டி எண் எல்லாம் படிக்கும்படி படமெடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வேண்டிய மளிகையையும் அதே பில்லில் போட்டுவிடாதீர்கள், தனி பில் போடச் சொல்லுங்கள். பில்லில் 6.42 என்று இருக்க, கடைக்குள் நுழைந்ததே 7.10 என்று அறிக்கையில் எழுதினால் அந்த அறிக்கை அங்கேயே நின்றுவிடும்.

இடம் பதிந்த படம் கேட்பார்கள். கேமராவில் லொக்கேஷனை ஆன் செய்து கடையின் பெயர்ப்பலகையை எடுக்க வேண்டும். அந்தப் படத்தை மனைவியின் போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் வாங்கி, அதை ஏற்றுபவர்கள் நிறையப் பேர். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுகிறது. எங்களிடம் வந்து சேருவது வெறும் படம்தான். எடுத்த போனின் கேலரியிலிருந்தே நேராக ஏற்றுங்கள்.

இனி அறிக்கை எழுதுவது. “ஊழியர் நன்றாக நடந்துகொண்டார்” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. “உள்ளே போய் 2 நிமிடம் வரை யாரும் வரவில்லை, பிறகு ஒருவர் வந்து ‘என்ன பார்க்கணும் சார்?’ என்று கேட்டார், மூன்று மாடல் எடுத்துக் காட்டினார், வாரண்டி பற்றிச் சொல்லவில்லை” என்று எழுதினால் அதுதான் அறிக்கை. ‘இல்லை’ என்று டிக் செய்த ஒவ்வொரு கேள்விக்கும் என்ன நடந்தது என்று ஒரு வரி வேண்டும். மேலே ‘வரவேற்றார்கள்: ஆம்’ என்று போட்டுவிட்டுக் கீழே ‘யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ என்று எழுதினால் விளக்கம் கேட்டு உங்களுக்கு மெயில் வரும். அதற்கு அன்றைக்கே பதில் போடாமல் விட்டு ஊதியம் இழந்தவர்கள் பலர். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். பள்ளி அளவு ஆங்கிலம் போதும், நடந்தது நடந்த வரிசையில் இருந்தால் சரி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் போடும் ஒரு ‘இல்லை’, கவுண்டரில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண்ணின் அந்த மாத ஊக்கத்தொகையைக் குறைக்கலாம். கவனிக்காத கேள்விக்கு ஊகத்தில் பதில் போடுவது அவர் வயிற்றில் அடிப்பது. வேண்டுமென்றே ஊழியரைச் சீண்டி, கோபப்படுத்தி, அதைக் குறையாக எழுதுவதும் கூடாது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை ஒழுங்கீனம்போல எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கடையில் உறவினர் வேலை பார்த்தால் வேலையை ஏற்காமல் சொல்லிவிடுங்கள். போய்வந்த பிறகு ஃபேஸ்புக்கில் எழுதவும் கூடாது.

வருமானம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு வேலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 60 போனால் மிச்சம் 240. குறிப்பு படிக்க அரை மணி, போய்வர 40 நிமிடம், கடையில் அரை மணி, அறிக்கைக்கு ஒரு மணி நேரம் என்றால் 160 நிமிடம். மணிக்கு 90 ரூபாய் வருகிறது. கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரே மாலையில் துணிக்கடை ஒன்றும் செல்போன் கடை ஒன்றும் கிடைத்தால் பயணச் செலவு பாதியாகும், கணக்கு கொஞ்சம் தேறும். ஆள் கிடைக்காத சிறு ஊர் வேலைகளுக்குக் கெடு நெருங்கும்போது சில ஏஜென்சிகள் தொகையைக் கூட்டித் தருவார்கள். ஆனால் ஒரே கடைக்கு மறுபடி அனுப்ப மாதக்கணக்கில் இடைவெளி விடுவார்கள். பணமும் உடனே வராது, ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். தேதி, கடை, ஊதியம், கைச்செலவு, வந்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் குறித்து வைக்காவிட்டால் எது பாக்கி என்றே தெரியாது. கைச்செலவுக்குக்கூடக் கடன் வாங்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இந்த வேலையை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். வேறு வருமானம் இருந்து, வாரத்தில் இரண்டு மாலை ஒழிந்தால் செய்யலாம்.

மோசடி நடக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ‘மிஸ்டரி ஷாப்பர் தேவை’ என்று வரும். டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். கூகுள் மேப்பில் ஏதோ ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி 150 ரூபாய் உடனே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ தொடங்கும்: 1,000 கட்டினால் 1,300. அதுவும் ஒருமுறை திரும்ப வரும். அடுத்து பத்தாயிரம், ஐம்பதாயிரம் கட்டிய பிறகு ‘கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்க வரி கட்டுங்கள்’ என்பார்கள். போகாத ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவது மிஸ்டரி ஷாப்பிங்கே கிடையாது. அது போலி விமர்சனம். இணைய விமர்சனங்களுக்கு ஐஎஸ் 19000 என்ற தர விதியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட பொய்களைத் தடுக்கத்தான். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னால் இன்னும் ஆபத்து. யாரோ பறிகொடுத்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் கணக்கைத்தான் முடக்கும்.

நிஜமான ஏஜென்சி தன் சொந்த இணையதள முகவரியிலிருந்து மெயில் அனுப்பும். மிஸ்டரி ஷாப்பிங் ஏஜென்சிகளுக்கான எம்எஸ்பிஏ என்ற உலகளாவிய சங்கத்துக்கு ஆசிய-பசிபிக் கிளை உண்டு. உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நிஜ ஏஜென்சியின் பெயரையே மோசடிக்காரர்கள் போட்டுக்கொள்வதால், மெயில் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே சைபர் குற்றப் புகார் உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வரி விளம்பரப் பகுதியில் ‘வீட்டிலிருந்தே வருமானம்’ என்ற தலைப்பில் வெறும் வாட்ஸ்அப் எண்ணோடு வரும் விளம்பரங்களுக்கு நிறுவனத்தின் பெயர், முகவரி, இணையதளம் மூன்றையும் கட்டாயமாக்குங்கள். பதிவுக் கட்டணம் கேட்டால் தர வேண்டாம் என்ற ஒரு வரியையும் 1930 என்ற எண்ணையும் அந்தப் பகுதியின் மேலேயே தினமும் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
அறிக்கை சரிபார்ப்பாளர்கள்,
கோயம்புத்தூர்.