161 மீட்டர் என்பது இலக்கு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜியோகேச்சிங் (யாரோ மறைத்து வைத்த டப்பாவை ஜி.பி.எஸ். எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) கட்டுரையில், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலக் காட்டுச் சாலைகளில் ‘161 மீட்டருக்கு ஒரு டப்பா’ என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம் என எழுதியிருந்தீர்கள். எண் சரிதான், பொருள் தவறு. 0.1 மைல், அதாவது 161 மீட்டர், இரண்டு டப்பாக்களுக்கு நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. அதற்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். நெவாடாவின் 375-ஆம் எண் நெடுஞ்சாலையில் நெருக்கமான வரிசை எடுபட்டதென்றால், அது பாலைவனம். சாலை நெடுந்தூரம் நேராக ஓடும், மழையும் அரிது. அதே கணக்கைக் காட்டுக்குள் கொண்டுவந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

காட்டில் இடைவெளியை முடிவு செய்ய வேண்டியது, வண்டியை ஒதுக்கி நிறுத்த எங்கே இடமிருக்கிறது என்பதுதான். பெரும்பாலும் ஒரே வண்டி போகும் அகலமுள்ள ஜல்லிச் சாலை. வளைவுக்கு அப்பால் மரத்தடி ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கலாம். அது சட்டென்று நிற்காது. ஒதுங்குமிடம் 400 மீட்டருக்கு ஒன்றுதான் என்றால், டப்பாவும் 400 மீட்டருக்கு ஒன்றுதான். இரும்புக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது, தீயணைப்பு வண்டி அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். கோடையில் காய்ந்த புல்மேல் நிறுத்துவது அதைவிட மோசம்; வண்டியின் அடியிலுள்ள புகைக்குழாய்ச் சூடே புல்லைப் பற்றவைத்துவிடும். இன்னொன்று: அமெரிக்க வனத்துறையின் சாலை எண் பலகையில் எண் படுக்கைவாட்டில் இருந்தால் சாதாரண கார் போகும். எண் மேலிருந்து கீழாக நின்றால், தரைக்கு உயரமான வண்டி இல்லாதவர்கள் திரும்பிவிடுவது நல்லது.

சாலையை ஒட்டியே வைத்த டப்பாவும் நிலைக்காது. ஜல்லியைச் சமன்படுத்த வரும் கிரேடர் ஓரத்தையும் வாய்க்காலையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும். அதற்கு அப்பால் இருப்பதைப் புதர் வெட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். சாலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயின் வாயில் சொருகியது பனி உருகும்போது போய்விடும். எட்டுப் பத்து மீட்டர் உள்ளே, விழுந்து கிடக்கும் மரத்தின் மேட்டுப் பக்கத்தில் வையுங்கள். குழி தோண்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

கட்டுரை பரிந்துரைத்த பழைய ஃபிலிம் டப்பாவை ஈரக்காட்டுக்கு யாரும் எடுத்துச் செல்ல வேண்டாம். அதன் மூடி தண்ணீரைத் தடுக்கும்படி செய்யப்பட்டதல்ல. பகலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். சில வாரங்களில் லாக் தாள், அதாவது கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் தாள், கூழாகிவிடும். சிறிய டப்பாதான் வேண்டுமென்றால், சோடா பாட்டிலாக ஊதுவதற்கு முன்பு இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழலும் அதன் திருகு மூடியும் நன்றாகத் தாங்கும். நான்கு பக்கமும் கொக்கி போடும் சமையலறை டப்பாவும் நல்லதே. ஆனால் உள்ளே ஜிப் பையில் தாளை வைப்பார்கள், பையின் மூலை ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொள்ளும், தண்ணீர் அந்த வழியே இறங்கும். டப்பா நனைந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். எல்லாவற்றிலும் உறுதியானது ராணுவத் தோட்டாப் பெட்டி. அதன்மேல் உள்ள எழுத்துகளைப் பெயின்ட் அடித்து மறைக்காவிட்டால் வெடிகுண்டு நிபுணர்களைத்தான் வரவழைக்க நேரும். எழுதுவதற்குப் பென்சில் போதும், குளிரிலும் ஈரத்தாளிலும் பால்பாயின்ட் பேனா எழுதாது. மிட்டாய், வாசனை சோப்பு, மெழுகுவர்த்தி எதுவும் உள்ளே வேண்டாம். மோப்பம் பிடித்து வரும் கரடிக்குப் பிளாஸ்டிக் ஒரு பொருட்டே இல்லை.

இனி அச்சுப்பிழை. 2000 மே 3 அன்று ஒரேகனின் பீவர்க்ரீக் அருகே டேவ் உல்மர் இந்த விளையாட்டின் முதல் டப்பாவாக ஒரு வாளியை வைத்த இடத்தின் அட்சரேகையை 45° 17' 46" என்று போட்டிருக்கிறீர்கள். சரியானது 45° 17.460'. இந்த விளையாட்டில் பாகையும் தசம நிமிடமும்தான் வழக்கம், விநாடி கிடையாது. 17.460 நிமிடம் என்றால் 17 நிமிடம் 27.6 விநாடி. உங்கள் எண்ணை நம்பிப் போகிறவர் சுமார் 570 மீட்டர் வடக்கே நின்று தேடிக்கொண்டிருப்பார். தீர்க்கரேகை 24.800', அதையும் இதே முறையில் 80 விநாடி என்று மாற்றியிருந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

டப்பா வைத்த இடத்தின் எண்களைப் பதிவு செய்வதிலும் அவசரம் கூடாது. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் அட்சரேகையில் 1.85 மீட்டர்தான், ஆனால் ஊசியிலை மரங்களின் கீழ் சிக்னல் மரத்திலும் மலைச்சரிவிலும் பட்டுத் திரும்புவதால் பிழை பத்து மீட்டரைத் தாண்டும். வேறுவேறு நாளில் அளந்து சராசரி எடுங்கள். தேடுபவர்களும் கடைசிப் பத்து மீட்டரில் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். காட்டில் குச்சிகள் தானாக இணையாக அடுக்கிக்கொள்வதில்லை; அப்படி இருந்தால் அதன் அடியில் பாருங்கள். உள்ளே செல்போன் சிக்னலும் இருக்காது, வரைபடத்தையும் குறிப்புகளையும் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

நீள வரிசையை ஓட்டி முடிப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதல் டப்பாவைக் கையோடு எடுத்துப்போய், வண்டி ஓடும்போதே முத்திரை குத்தி, அடுத்த இடத்தில் அதை வைத்துவிட்டு அங்குள்ளதை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்ட டப்பாக்கள் உள்ள வரிசையில் எந்தத் தாள் எந்த இடத்துக்கு என்பதே குழம்பிவிடும். கிடைக்காத இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு ‘கண்டேன்’ என்று எழுதுவதும் அப்படியே. பழையது பெரும்பாலும் அங்கேயே இருக்கும், ஒரே இடத்தில் இரண்டாகிவிடும். ‘கிடைக்கவில்லை’ என்று பதிவிட்டால் வைத்தவர் வந்து பார்ப்பார்.

அனுமதி பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்கத் தேசிய வனங்களிலேயே ‘வில்டர்னஸ்’ (இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கும் காடு) என அறிவிக்கப்பட்ட பகுதிகளில் டப்பா வைக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நம் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு முதுமலையில் முயன்று பார்க்க நினைக்கலாம். தெப்பக்காடு வழியே போகும் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்கே தடை இருக்கிறது. அடுத்த பகுதி வெளிவரும்போது இதையும் சரியான அட்சரேகையையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒரேகன்