முன்பணத்துக்கு முன் திண்ணையை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஓய்வுக்காலத்துக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு தேடுவோர் முதலில் வாசற்படியை அளக்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீட்டில் திண்ணை 2 அடி உயரம் என்றால், சக்கர நாற்காலிக்கான சரிவு 24 அடி நீள வேண்டும். தேரோடும் வீதியில் அதற்கு இடமேது? கழிவறையும் பெரும்பாலும் கொல்லைக்கோடியில். இரவில் ஈர முற்றத்தைத் தாண்ட வேண்டும்.

முதியோர் அடுக்ககம் என்றால், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைகிறதா, குளியலறைக் கதவு 90 செ.மீ. அகலத்தில் வெளிப்புறம் திறக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவை, விழுந்து கிடப்பவரின் உடலே அடைத்துவிடும். தம்பதியரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாமா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மார்கழியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது இன்னும் நல்லது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா என்பது தெரிந்துவிடும்.

- மூத்த குடிமக்கள் சிலர், ஸ்ரீரங்கம்