ஒருமுறை கேட்டு நிறுத்திவிடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரியவர்கள் ஒன்று சொன்னால் மறுகேள்வி கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், ஆனாலும் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கும்போதே ஒரு கேப்டன் கிளம்பிவிட்டார். அவர் அனுபவம் இல்லாதவர் அல்ல, தன் நிறுவனத்தின் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து, அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்கவும் செய்தார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அவ்வளவுதான், பேச்சு அதோடு நின்றுவிட்டது. சில விநாடிகளில் மோதல். அந்தப் பொறியாளர் இன்னொரு முறை அழுத்திக் கேட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறுகிறது. இப்படிப்பட்ட விபத்துகளுக்கு அப்புறம்தான், சந்தேகம் வந்தால் கேப்டனிடமே தயங்காமல் சொல்ல வேண்டும், கேப்டனும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று விமானப் பணியாளர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு மாறாக, ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி விட்டுக்கொடுக்காமல் கேட்டவர். 1960-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அவர் புதிதாகச் சேர்ந்திருந்தபோது தாலிடோமைடு மருந்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. பல நாடுகளில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மருந்து அது. பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் போதாது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நிறுவனம் எவ்வளவு நெருக்கியும் அசையவில்லை. 1961 இறுதியில் உண்மை வெளிவந்தது. கர்ப்பிணிகள் சாப்பிட்ட அந்த மருந்தால் உலகம் முழுக்கப் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்திருந்தார்கள். அனுமதி கிடைக்காததால் அமெரிக்கா பெருமளவு தப்பியது.

கெல்சி யாரையும் அவமதிக்கவில்லை. அந்த மருந்து கெட்டது என்றுகூட முதலில் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும், காட்டுங்கள் என்றார். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பதைச் சிலர் பகுத்தறிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதிலும் உடன்பாடில்லை. டாக்டர் சொல்வதையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு, போனில் வந்த ஒரு ஃபார்வர்டை அப்படியே நம்புகிறவர் எதையும் யோசித்துப் பார்க்கவில்லை. ஆதாரம் சரியாக இருந்தால் சரி என்று ஏற்றுக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

வகுப்பில் ஏன் என்று கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்காரவைத்தால், அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்கும்?

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் இதழில் வரும் மருத்துவக் குறிப்புகளில் ‘ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்’ என்பதோடு விட்டுவிடுகிறீர்கள். எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் செய்தது என்று அடுத்த இதழிலிருந்து ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்